வால்கோவியாக்கின் வெற்றி

சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்யதை என்று சிலர் கேட்கக்கூடும். யோக்யதை ஒன்று உண்டு. பிரான்சு தேசத்தின் பெரும் பந்தயமான 'துர் தெ பிரான்ஸ்' ஒரு பத்திரிகை ஆபீசில் பிறந்த குழந்தை. 1903-ஆம் வருஷம் 'லோட்டோ' என்ற பாரிஸ் விளையாட்டுப் பத்திரிகை, தன் போட்டிப் பத்திரிகையை அடித்துப் போடுவதற்காகவே அதை ஆரம்பித்தது. ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச். ஆறு கட்டங்கள், 2,400 கி.மீட்டருக்கு மேல் தூரம். 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர் பாரிசுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். சாலையோரத்தில் நின்ற ஜனங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிஷக் காட்சி. பாக்கியை அவர்கள் மறுநாள் காசு கொடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். பத்திரிகை விற்பனை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. முன்னணியில் இருப்பவன் அணிகிற மஞ்சள் சட்டை 1919-இல் வந்தது. அந்தப் பத்திரிகை அச்சான தாளின் நிறமும் மஞ்சள்தான்.

ஆக, இது படிப்பதற்கென்றே ஏற்பட்ட பந்தயம். 'நாளை தொடரும்' என்ற வார்த்தையை நம்பிப் பிழைப்பவனுக்கு அதன் சூட்சுமம் பிடிபடாமல் போகாது. தொடர்கதை படித்துப் பழகிய நம் வாசகர்களுக்கும் அப்படியே. எனக்கு இதில் அக்கறை ஏற்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தப் பந்தயத்தில் ஒருவன் ஜெயித்த கதையைச் சரியாகப் படிக்காமல், அவன் ஆயுள் முழுவதும் அவனைப் பரிகசித்தார்கள். அது வாசிப்பில் நேர்ந்த பிழை. வாசிப்பில் நேர்ந்த பிழையைப் பற்றிப் பேசுவது விமர்சகனின் காரியந்தான்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று அது மூன்று வாரம் நடக்கிறது. 21 கட்டங்கள்; நாளைக்கு ஒரு கட்டம். ஓர் அணிக்கு எட்டுப் பேர் வீதம் சுமார் 180 பேர் புறப்படுகிறார்கள். ஒவ்வொரு நாளும் முதலில் வருகிறவனுக்கு அன்றைய வெற்றி. எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவனுக்குப் பந்தயத்தின் வெற்றி. ஆகவே ஒரே சாலையில் ஒரே சமயத்தில் பல கதைகள் ஓடுகின்றன. ஒருவன் இன்றைய நாளுக்காக ஓடுகிறான். ஒருவன் மூன்று வாரத்துக்காக ஓடுகிறான். பெரும்பாலோர் இன்னொருவனுக்காக ஓடுகிறார்கள். இன்னொருவனுக்காக ஓடுகிறவனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயருக்கு 'வேலைக்காரன்' என்றே பொருள். அவன் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்வான். வேண்டுமானால் தன் சக்கரத்தையும் கழற்றிக் கொடுப்பான்.

காற்று என்றேன். இந்தப் பந்தயத்தில் கதாநாயகன் யாராக இருந்தாலும் வில்லன் காற்றுதான். நான் வசிக்கும் கனகசெட்டிக்குளம் புதுச்சேரிப் பிரதேசத்தின் வட எல்லையில் கடலை ஒட்டிய ஊர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் மரக்காணம் தாண்டியபின் புதுச்சேரி மண்ணை மிதிப்பது இங்கேதான். விடுமுறை நாட்களில் சென்னை இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக இந்தச் சாலையில் சைக்கிளில் வருகிறார்கள். பொழுது ஏறிக் கடற்காற்று எழுந்துவிட்டால் தெற்கே மிதிப்பவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அப்போது பாருங்கள்: பத்துப் பேர் ஒருவன் முதுகை ஒருவன் ஒட்டிக்கொண்டு பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். தனியே விடப்பட்ட பதினோராவது ஆள் ஹாண்டில்பாரின் மேல் குப்புறக் கவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். ஒருவன் பின்னால் ஒட்டிப் போகிறவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவனுக்கு இன்னும் அதிக மிச்சம்.

இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன. கூட்டத்தில் இருந்தால் சுகம். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் ஒரே நேரம்தான், யாருக்கும் லாபமில்லை. கூட்டத்தை விட்டு ஓடினால் காற்று அடிக்கும். ஆனால் ஓடாமல் எதுவும் கிடைக்காது. காலையில் கொடி அசைந்தவுடன் நாலைந்து பேர் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு முன்னால் ஓடுகிறார்களே, அதைப் பிரெஞ்சில் 'எஷாப்பே' என்பார்கள். தப்பி ஓடுதல் என்று பொருள். சிறையிலிருந்து தப்புகிறவனுக்கும் அதே வார்த்தைதான்.

அந்த வார்த்தையில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது. தப்பி ஓடுகிறவன் என்றதும் நம் மனத்தில் ஒரு தனி மனிதன் எழுந்து நிற்கிறான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பு நாட்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டும் வேடிக்கை நடக்கும். மைதானத்தில் வட்டம் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவன் சைக்கிளிலேயே சாப்பிடுவான், சைக்கிளிலேயே குளிப்பான். பெண்கள் அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டுப் போவார்கள். அவனுக்கு எதிராளி அவன் உடம்பு மட்டும்தான். அவன் உண்மையில் தனி மனிதன். பிரான்சுச் சாலையில் தப்பி ஓடுகிறவனையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். நினைத்துக்கொள்வது நாம் மட்டுமல்ல.

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகர் பெரிய மனிதர். 1957-இல் வெளிவந்த 'மித்தோலொஜி' என்ற அவருடைய புத்தகத்தில் இந்தப் பந்தயத்தைக் காவியமாகப் பார்த்து ஒரு கட்டுரை இருக்கிறது. ஓட்டக்காரர்களின் பெயர்களே வீரர்களின் பட்டப்பெயர்கள் மாதிரி ஒலிப்பதையும், வாந்து மலை பலி கேட்கும் துஷ்ட தெய்வமாக நிற்பதையும் அவர் சொல்லியிருப்பது அழகாக இருக்கிறது. ஆனால் தப்பி ஓடுதலைப் பற்றி அவர் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது ஒருவன் தானாக வரித்துக்கொள்கிற தனிமை என்கிறார். அநேகமாகப் பிடிபட்டுவிடுவதால் வீண் என்கிறார். வீணாக இருப்பதிலேயே அதன் கௌரவம் இருக்கிறது என்கிறார். இத்தாலிய நாவலாசிரியர் தீனோ புஸ்ஸாத்தியும் 1949-இல் தம் நாட்டுப் பந்தயத்தைப் பின்தொடர்ந்து பத்திரிகைக்கு எழுதியபோது காவியத்தைத்தான் கண்டார். ஃபாஸ்டோ கோப்பி அவ்வருஷம் குனேயோவிலிருந்து பினரோலோ போகும் கட்டத்தில் 192 கி.மீ. தனியாக ஓடி, ஜினோ பார்த்தாலியைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் தள்ளினார். புஸ்ஸாத்திக்கு அங்கே கிரேக்க காவியத்தின் அகிலீசும் ஹெக்டரும் தெரிந்தார்கள்.

மலைகளைப் பொறுத்தவரை இவர்கள் சொல்வது சரி. மலையில் காற்றின் உதவி குறைந்துவிடுகிறது, கூட்டம் பயன்படுவதில்லை, பலமுள்ளவன் பலமில்லாதவனை விட்டுவிட்டுப் போகிறான். அது காவியம். ஆனால் சமவெளியில் தப்பி ஓடுவது வேறு ஜாதி. அது தனிமையுமல்ல, முற்றிலும் தானாக வரித்துக்கொண்டதுமல்ல. அது நாவல்.

ஏன் என்று சொல்கிறேன். கூட்டம் சம்மதித்தால்தான் ஒருவன் தப்ப முடியும். 180 பேரும் மாறி மாறிக் காற்றை வாங்கித் துரத்தினால் அவன் அரை மணி தாங்கமாட்டான். ஆகவே காலை முதல் மணி நேரம் ஒரு பேரம் நடக்கிறது. யார் முன்னால் பாய்கிறான்? மொத்தக் கணக்கில் அவன் எத்தனை நிமிஷம் பின்தங்கியவன்? ஐந்து நிமிஷம் பின்தங்கியவன் பாய்ந்தால் மஞ்சள் சட்டைக்காரனின் வேலைக்காரர்கள் உடனே எழுந்து துரத்துவார்கள். ஐம்பது நிமிஷம் பின்தங்கியவன் பாய்ந்தால் ஒருவரும் அசையமாட்டார்கள். தன் அணியில் ஓர் ஆள் முன்னால் சேர்ந்துவிட்டால் அந்த அணிக்குத் துரத்தும் பாரம் இல்லை. எல்லோருக்கும் ஒருவாறு ஒத்துப்போகிற நாலைந்து பேர் அமைந்தவுடன் கூட்டம் வேகத்தைத் தளர்த்துகிறது; சாலை முழுவதும் பரவிக்கொண்டு மெல்லப் போகிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே ஒரு பையன் சுவரேறிக் குதித்து நாடகம் பார்க்கப் போகிற மாதிரிதான்.

பிறகு கணக்கு. ரோபேர் ஷப்பாத் என்ற பழைய ஓட்டக்காரர், பின்னாளில் டெலிவிஷனில் பந்தய வர்ணனை செய்தவர், ஒரு விதி சொன்னார்: கூட்டம் மனம் வைத்தால் பத்துக் கி.மீட்டருக்கு ஒரு நிமிஷம் மீட்டுவிடும். போட்டுப் பாருங்கள். கூட்டம் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வந்தால் பத்துக் கி.மீட்டருக்கு 13 நிமிஷம் 20 விநாடி. தப்பியவர்கள் 42 கி.மீ. வேகத்தில் போனால் 14 நிமிஷம் 17 விநாடி. மூன்றே மூன்று கி.மீ. வேக வித்தியாசம், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் போய்விட்டது. ஆகவே 30 கி.மீ. பாக்கியிருக்கையில் மூன்று நிமிஷம் முன்னால் இருப்பவனுக்கு நம்பிக்கையும் உண்டு, சாவும் உண்டு. சீக்கிரம் பிடித்துவிட்டால் வேறு யாராவது புதிதாகப் பாய்வார்கள் என்று கூட்டம் அவனை வேண்டுமென்றே கொஞ்ச தூரம் முன்னாலேயே தொங்கவிட்டிருப்பதும் உண்டு. பூனை எலியிடம் காட்டுகிற பொறுமை அது.

இனித் தப்பியவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். இரண்டு கயிற்றையும் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். மீனைப் பிறகு பங்கு போடுவார்கள். கயிற்றில் கை வைத்திருந்தும் இழுக்காதவன் ஒருவன் எப்போதும் இருப்பான். மற்றவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் கயிற்றை விட்டுவிட்டு அவனோடு சண்டை போட முடியாது, வலை போய்விடும். தப்பி ஓடும் நாலைந்து பேரும் அப்படித்தான். வேறு வேறு அணிக்காரர்கள். காலை வரையில் விரோதிகள். இப்போது ஆளுக்கு அரை நிமிஷம் ஒரு நிமிஷம் என்று முறை வைத்துக் காற்றை வாங்கி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். கடைசி ஐந்து கி.மீட்டரில் மறுபடியும் விரோதிகளாகிவிட வேண்டும். அந்தக் கணம் எது? யார் முதலில் உழைப்பதை நிறுத்துவது? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த கூட்டம் அத்தனை பேரையும் விழுங்கிவிட்டுப் போன நாட்கள் அநேகம்.

முறைக்கு முன்னால் வராமல் ஒட்டிக்கொண்டே வருகிறவன் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவனுடைய தலைவன் பின்னால் கூட்டத்தில் இருக்கலாம்; தலைவனுக்கு விரோதமாக உழைக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. சிலசமயம் மொத்த நேரத்தில் ஒருவனுக்கு லாபம், அன்றைய வெற்றி மற்றவனுக்கு என்று வாய்விட்டுப் பேசாமலே ஓர் ஏற்பாடு உண்டாகிவிடுகிறது. விசுவாசம், கடன், கணக்கு, பொறாமை, கொஞ்சம் தாக்ஷிண்யம், இவையெல்லாம் நாவலாசிரியனின் சரக்கு. மலை உச்சியில் இவற்றுக்கு இடமில்லை.

இப்போது நான் சொல்ல வந்த மனிதனிடம் வருகிறேன்.

புதுச்சேரி நகரில் ஒரு பழைய சொல்தா எனக்குச் சிநேகிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் பெத்தாங் என்ற இரும்புக் குண்டு விளையாட்டை அவர் ஆடும்போது நான் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. ஒருநாள் எதிராளி வீசிய குண்டு ஒரு கல்லில் தட்டித் திரும்பி, சரியான இடத்தில் போய் நின்றுவிட்டது. ஆட்டம் போயிற்று. பெரியவர் குண்டுகளைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அது வால்கோவியாக் ஜெயிப்பு, முசே!" என்றார். தகுதியில்லாமல் கிடைத்த வெற்றிக்குப் பிரெஞ்சில் அப்படி ஒரு வழக்கே ஏற்பட்டிருக்கிறது. ஒரு மனிதனின் பெயர் அவன் உயிரோடு இருக்கும்போதே வசவாகிவிட்டது.

ரோஜே வால்கோவியாக் 1927-இல் மோன்லூசோன் என்ற தொழிற்சாலை ஊரில் பிறந்தவர். தகப்பனார் போலந்திலிருந்து பிழைக்க வந்தவர். 1956-ஆம் வருஷம், புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை மே 28-ஆம் தேதி கையெழுத்தாகி இரண்டு மாதத்தில், அந்த ஜூலையில் அவர் துர் தெ பிரான்சை வென்றார். அந்நாளில் தேசங்களின் பெயரால் அணிகள் இருந்தன. வால்கோவியாக் பிரான்சின் தேசிய அணியில் இடம் பெறத் தகுதி உள்ளவராகக்கூட மதிக்கப்படவில்லை. ஒரு பிராந்திய அணியில் ஓடினார். முந்தைய மூன்று வருஷமும் தொடர்ந்து வென்ற லூயிசோன் போபே அந்த வருஷம் பந்தயத்திலேயே இல்லை. லோரியானிலிருந்து ஆஞ்ஜே போகும் ஏழாம் கட்டத்தில் 31 பேர் தப்பி ஓடினார்கள். பெரிய தலைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துரத்த வேண்டியது இன்னொருவன் வேலை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மாலையில் பார்த்தால் தப்பியவர்கள் 18 நிமிஷத்துக்கும் மேல் முன்னால் இருந்தார்கள். மஞ்சள் சட்டை வால்கோவியாக்குக்கு வந்தது.

அதற்கப்புறந்தான் கதை. அவருடைய அணி மேலாளர் துகாஸோ கெட்டிக்காரர். மஞ்சள் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் சின்ன அணி மூன்று நாளில் செத்துப் போகும், அதை விட்டுவிடு என்று சொன்னார். வால்கோவியாக் விட்டுவிட்டார். பிறருக்கு அது போயிற்று. அவர் சத்தம் போடாமல் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டார். மலைகள் வந்தன. கிரெனோபிளில் முடிந்த 18-ஆம் கட்டத்தில் ஷார்லி கோல் என்ற மலை வீரர் எல்லோரையும் அடித்துக்கொண்டு போனார். வால்கோவியாக் விழுந்துவிடாமல் தாக்குப்பிடித்து, சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாரிசில் இரண்டாவதாக வந்த ஜில்பேர் போவேனுக்கும் அவருக்கும் வித்தியாசம் 1 நிமிஷம் 25 விநாடி. ஒரு கட்டத்தில்கூட அவர் முதலாவதாக வரவில்லை.

ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் காவியத்துக்குக் காசு கொடுத்தவர்கள். கையில் கிடைத்தது நாவல். கதாநாயகன் எங்கே மலையைப் பிளந்தான், எங்கே எதிரியை வீழ்த்தினான் என்று தேடினார்கள். ஒரு நாள் பெரிய மனிதர்கள் அசட்டையாக இருந்த சமயத்தில் கிடைத்த 18 நிமிஷம். அதை வைத்துக்கொண்டு பிழைத்துவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அந்த 18 நிமிஷம் இல்லையென்றால் அவர் ஜெயித்திருக்கமாட்டார். 1 நிமிஷம் 25 விநாடி என்ற கடைசிக் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கொடை 31 பேருக்கும் சமமாகத்தான் கிடைத்தது. மற்ற முப்பது பேரும் அதை வைத்து என்ன செய்தார்கள்? ஆஞ்ஜேயில் வந்த சொத்தைப் பாரிஸ் வரையில் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர்தான். இன்னொன்று. அந்த வருஷப் பந்தயம் தூங்கி வழிந்த பந்தயமல்ல. மணிக்கு 36 கி.மீட்டருக்கு மேல் சராசரி. அது வரையில் நடந்த எல்லாப் பந்தயங்களிலும் அதுவே வேகமானது. வேகமான பந்தயத்தில் மூன்று வாரம் தன் பலம் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு, ஓரிடத்திலும் அதற்கு மேல் செலவழிக்காமல், ஓரிடத்திலும் பயந்து முடங்காமல் ஓடியிருக்கிறார். சம்பளக்காரன் குடும்பம் நடத்துகிற கெட்டிக்காரத்தனம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். குடும்பம் நடத்திப் பார்த்தவர்கள் அதை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

வால்கோவியாக் மனம் நொந்துபோனார். பந்தயத்தை விட்டபின் மோன்லூசோனில் தொழிற்சாலை வேலைக்கே திரும்பினார். வெகு காலம் அந்த ஜூலையைப் பற்றிப் பேசவே அவருக்குப் பிரியமில்லை. 2017 பிப்ரவரியில், 89-ஆம் வயதில் காலமானார்.

ஐம்பது வருஷம் கழித்து அதே கதை இன்னொரு தடவை நடந்தது. 2006-இல் பெஸியேயிலிருந்து மோந்தெலிமார் போகும் 13-ஆம் கட்டத்தில் ஐந்து பேர் தப்பி ஓடினார்கள். அவர்களில் ஸ்பெயின்காரரான ஓஸ்கார் பெரேய்ரோ மொத்தக் கணக்கில் 28 நிமிஷத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தவர். மஞ்சள் சட்டை அமெரிக்கர் ஃபிளாய்ட் லாண்டிசிடம் இருந்தது. தினமும் அதைக் காவல் காப்பது அணிக்குப் பாரம்; நாலு நாள் இன்னொருவன் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு நகையை இரவல் கொடுக்கிற மாதிரி. கூட்டம் 29 நிமிஷம் 57 விநாடி பின்னால் வந்தது. அன்றைய வெற்றி ஜெர்மன்காரர் யென்ஸ் ஃபோய்க்டுக்கு; மஞ்சள் சட்டை பெரேய்ரோவுக்கு. நகை சுலபமாகத் திரும்பவில்லை. லாண்டிஸ் மலையில் தனியாக ஒரு பிரமாதமான ஓட்டம் ஓடித்தான் அதை மீட்க வழி செய்துகொண்டார். உலகமே கைதட்டிய காவியம் அது. அதன்பின் அந்த ஓட்டத்தன்று எடுத்த சோதனையில் மருந்து தெரிந்தது. 2007-இல் வெற்றி பெரேய்ரோவுக்கு என்று முடிவாயிற்று. காவியம் பொய்யாகி, நாவல் நின்றது. இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் நீதி புகட்டுகிறார் என்று விமர்சகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஜெயித்தவர்களைப் பற்றியே பேசினேன். தப்பி ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் பிடிபடுகிறவர்கள். 2014-இல் நீம் நகருக்குப் போன 222 கி.மீ. கட்டத்தில், நியூசிலாந்துக்காரர் ஜாக் பாவர், புறப்பட்ட இடத்திலிருந்தே மார்ட்டின் எல்மிகரோடு தப்பி ஓடினார். முடிவுக் கோட்டுக்குச் சில பத்து மீட்டர் இருக்கையில் கூட்டம் அவரைத் தாண்டிப் போயிற்று. பத்தாவதாக வந்தார். சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார். பிடிபடுவோம் என்று தெரிந்தும் ஏன் ஓடுகிறார்கள்? லௌகிகமான பதிலும் உண்டு: நாலு மணி நேரம் டெலிவிஷனில் சட்டையிலிருக்கும் கம்பெனிப் பெயர் தெரிகிறது, சின்ன அணிக்கு அதுவே பிழைப்பு. வேறு பதிலும் உண்டு. 2025-இல் ஷாத்தோரூவில் முடிந்த ஒன்பதாம் கட்டத்தில் மத்தியூ வான் டெர் பூல் என்ற பெரிய வீரர், தம் வேலைக்காரர் யோனாஸ் ரிக்கேர்ட்டோடு காலையிலேயே தப்பி ஓடினார். ஒரு தடவையாவது அந்தப் பந்தயத்தின் பரிசு மேடையில் ஏறி நிற்க வேண்டும் என்பது ரிக்கேர்ட்டின் ஆசை. இருவருமாக நூற்றறுபது கி.மீட்டருக்கு மேல் ஓடினார்கள். வேலைக்காரர் களைத்துப் பின்தங்கினார். எஜமான் கடைசிக் கி.மீட்டருக்குள் பிடிபட்டார். ஆனால் அன்றைய தீரத்துக்கான பரிசு ரிக்கேர்ட்டுக்கு. மேடையில் ஏறி நின்றார். பார்த் இதை வீண் என்பாரா?

இந்த நாவலும் கெட்டுப்போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. 1990-களிலிருந்து ஓட்டக்காரன் காதில் வயர்லெஸ் வந்துவிட்டது. பின்னால் காரிலிருக்கும் மேலாளர் விநாடி விநாடியாகக் கணக்குச் சொல்கிறார். துரத்தலில் பிழை நேர்வது குறைந்துவிட்டது. பிழை நேராத இடத்தில் கதை ஏது என்கிறார்கள். கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 2021 ஜூலையில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பெண்கள் பந்தயம். அது ஒருநாள் பந்தயம். காதுக் கருவிக்கு அங்கே அனுமதி இல்லை. அன்னா கீசன்ஹோஃபர் என்ற ஆஸ்திரிய நாட்டுக் கணித ஆராய்ச்சியாளர் ஆரம்பத்திலேயே தப்பி ஓடி, கடைசி நாற்பது கி.மீ. தனியாகப் போய்த் தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்த அன்னமீக் வான் ஃப்ளோய்டன் தாமே ஜெயித்ததாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். முன்னால் ஒருத்தி போயிருக்கிறாள் என்பதே கூட்டத்துக்கு மறந்துபோயிருந்தது.

ஆனால் கருவியைப் பழிப்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. மோந்தெலிமாரில் எல்லோர் காதிலும் கருவி இருந்தது. முப்பது நிமிஷம் போவது எல்லோருக்கும் தெரிந்தே போயிற்று. எவ்வளவு என்று கருவி சொல்லும். யார் துரத்துவது என்ற வழக்கை அது தீர்க்காது. அந்த வழக்கு உள்ளவரை தப்பி ஓடுகிறவனுக்கு இடமுண்டு.

நமக்கு இதில் என்ன? நம் வாசகர்களும், ஏன், நம் விமர்சகர்களும் கதாநாயகன் தன் பலத்தாலேயே ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சந்தர்ப்பம் உதவினால் கதை பலவீனம் என்கிறார்கள். பிறர் அசட்டையால் ஒருவன் முன்னுக்கு வந்தால் அவன் கதாநாயகனே இல்லை என்கிறார்கள். வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர்களில் பிறர் சம்மதமோ அசட்டையோ இல்லாமல் வந்தவர் எத்தனை பேர்? கிடைத்த பதினெட்டு நிமிஷத்தை அவன் என்ன செய்தான் என்றுதான் கேட்க வேண்டும். நல்ல நாவல் கேட்கும் கேள்வி அது.

ஜூலை மாதம் வந்தால் அநேகக் கட்டங்கள் நம் ஊர்க் கடிகாரப்படி இரவு ஒன்பது மணி வாக்கில் முடியும். அடுத்த தடவை பார்க்கும்போது முதலில் வருகிறவனை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் ஓடியவர்கள் யார் யார், அவர்களை யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பாருங்கள். என் சொல்தாச் சிநேகிதரிடம் இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மத்த முப்பது பேர் பெயர் என்ன, முசே?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வால்கோவியாக் பெயர்தான் இருவருக்கும் தெரிந்திருந்தது.